சின்ன காரை ராலி காராக மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, சென்னை பக்கம் ராலி பார்க்க வருகிற இளைஞர்கள் பலருக்கும் ஒரே ஆசைதான்: வீட்டில் நிற்கிற ஸ்விஃப்ட்டையோ போலோவையோ எடுத்துக்கொண்டு தானும் மண்ணில் இறங்க வேண்டும். நல்ல ஆசை. ஆனால் பட்டறையில் வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு யோசிப்பதை விட, சாவி இன்னும் பாக்கெட்டில் இருக்கும்போதே யோசிப்பது மேல். அப்படி யோசிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

என்னிடம் ஒரு பழைய ஸ்விஃப்ட் இருக்கிறது. அதையே ராலி காராக மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகு அது குடும்பம் ஏறுகிற காராக இருக்காது. பின் சீட் போய்விடும். கார்பெட், டிரிம் எல்லாம் போய்விடும். தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய் ஓடும். ஹெல்மெட் போட்டிருந்தால் அந்தக் குழாய் உயிரைக் காப்பாற்றும்; ஹெல்மெட் இல்லாமல் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் வழியில் யாராவது பின்னால் இடித்தால், அதே குழாயில்தான் தலை மோதும். அதனால் 'வார நாளில் ஆபீஸ், வார இறுதியில் ராலி' என்ற திட்டம், அடைத்த சாலையில் வேகமாக ஓட்டும் ஸ்டேஜ் ராலிக்குச் சரிப்பட்டு வராது.

என்னிடம் கேட்கிறவர்களிடம் முதலில் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: சனிக்கிழமை மதியம் இந்த வண்டி ஒரு மரத்தில் மோதி முடிந்துபோனால், திங்கட்கிழமை வேலைக்கு எதில் போவீர்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த வண்டியில் கை வைக்காதீர்கள். கடன் முடியாத வண்டியிலும் வேண்டாம். இஎம்ஐ ஓடும் வரை அதில் வங்கிக்கும் பங்கு இருக்கிறது.

'ராலி' என்று எல்லாவற்றையும் சொல்கிறார்களே, எதற்கு எந்த அளவு மாற்றம் வேண்டும்?

இந்த ஒன்று தெளிவானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அமெச்சூர்கள் இறங்கக்கூடிய போட்டிகள் மூன்று வகை.

முதலாவது டிஎஸ்டி. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்குப் போட்டு ஓட்டுவது. சாதாரண சாலையில், சாதாரண வேகத்தில், சாதாரண காரில் ஓட்டலாம். இரண்டாவது ஆட்டோகிராஸ். ஒரு மைதானத்திலோ பொட்டல் காட்டிலோ வளைந்து வளைந்து தடம் போட்டு, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் எடுப்பார்கள். மூன்றாவது ஸ்டேஜ் ராலி. ஒரு சாலையை அடைத்துவிட்டு (அந்தப் பகுதிதான் ஸ்டேஜ்), ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு, நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை நேரம் கணக்கிடுவார்கள். தேசிய சாம்பியன்ஷிப்பான ஐஎன்ஆர்சி இந்த வகை. கோவைக்குப் பக்கத்தில் கேத்தனூர் காற்றாலைக் காடுகளுக்குள் புழுதி பறக்க ஓடுவதும், சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களுக்குள் ஓடுவதும் இதுதான்.

முழு மாற்றம் தேவைப்படுவது மூன்றாவதற்கு மட்டும்.

அப்படியானால் மாற்றாமலே தொடங்க முடியுமா?

முடியும், அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிஎஸ்டியை 'மெதுவாக ஓட்டுகிற போட்டி' என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கையில் ரோடு புக் கொடுப்பார்கள்: முதல் 7.2 கிலோமீட்டருக்குச் சராசரி வேகம் மணிக்கு 36, அடுத்த 3.6 கிலோமீட்டருக்கு 24. மணிக்கு 36 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 விநாடி. 24 என்றால் 150 விநாடி. அப்படியென்றால் முதல் பகுதிக்கு 12 நிமிடம், இரண்டாவதற்கு 9 நிமிடம், 10.8 கிலோமீட்டர் முடியும் இடத்தில் கடிகாரம் சரியாக 21 நிமிடம் காட்ட வேண்டும். நடுவில் ஆட்டு மந்தை குறுக்கே வரும், ரயில்வே கேட் மூடியிருக்கும், ஒரு திருப்பம் தவறிப்போகும். எங்கே கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. பிந்தினாலும் புள்ளி போகும், முந்தினாலும் போகும்.

இதில் கற்றுக்கொள்கிற இரண்டு விஷயம் கடைசி வரை கூட வரும். ஒன்று, பக்கத்து சீட்டில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு, மறுபேச்சு இல்லாமல் ஓட்டுவது. இன்னொன்று, நேரக் கட்டுப்பாட்டு இடங்களில் பதற்றப்படாமல் இருப்பது. ஸ்டேஜ் ராலியிலும் டைம் கன்ட்ரோலுக்குச் சீக்கிரம் போய் நின்றால் தண்டனை உண்டு. சர்வதேச விதியில் ஒரு நிமிடம் பிந்தினால் 10 விநாடிதான் கூடும். ஒரு நிமிடம் முந்தினால் முழுசாக ஒரு நிமிடம் கூடும்.

ஆட்டோகிராஸில் வண்டி மண்ணில் எப்படி வழுக்குகிறது, பிரேக்கை எங்கே பிடித்தால் மூக்கு திரும்புகிறது என்பதெல்லாம் காலுக்குப் பழகும். என்னென்ன பாதுகாப்புப் பொருள் வேண்டும் என்பதை அந்தந்தப் போட்டியின் விதிமுறைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் கட்டாயம், சீட் பெல்ட் கட்டாயம், வண்டிக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே.

ரோல் கேஜ் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் ஊர் வெல்டரே போட்டுவிடுவாரா?

மொத்த முடிவும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வண்டி உருண்டால் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் இருக்கப் போடும் இரும்புக் குழாய்க் கூண்டுதான் ரோல் கேஜ்.

சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் விதி கேஜ் குழாய்க்குத் தெளிவான அளவு வைத்திருக்கிறது. தையல் (நீளவாக்கில் ஒட்டிய வெல்டிங் கோடு) இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் முக்கிய வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. ஷெட் போடவும் கேட் அடிக்கவும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற குழாய் நீளவாக்கில் தையல் போட்டது. மோதும்போது அந்தத் தையலில் பிளக்கலாம். விட்டம் ஒன்றாக இருப்பதால் இதுவும் அதுவும் ஒன்றாகிவிடாது.

அடுத்து, அடித்தளம். கேஜின் கால் நேராக வண்டியின் தரைத் தகட்டில் நிற்கக் கூடாது. சின்னக் கார்களின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. வண்டி உருளும்போது குழாய் அதைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதனால் முன் வளையம், முக்கிய வளையம் ஆகியவற்றின் ஒவ்வொரு காலுக்கும் கீழே குறைந்தது 3 மில்லிமீட்டர் கனம், 120 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தகடு வேண்டும். போல்ட் போட்டுப் பிணைப்பதென்றால் ஒவ்வொரு காலுக்கும் 8.8 தரத்தில் எம்8 போல்ட் குறைந்தது மூன்று.

மூன்றாவதாக, வெல்டிங். ஒரு கேஜ் ஒழுங்காகச் செய்ததா என்று பார்க்க நான் முதலில் கை விடுகிற இடம், கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடுக்கு. குழாய்கள் சேரும் மூலையில் கீழ்ப்பக்கம் வெல்டிங் அழகாக, மீன் செதில் அடுக்கியது போல இருக்கும். மேல்பக்கம் விரலை நுழைத்துத் தடவினால் வெறும் குழாய். அங்கே வெல்டிங் கம்பி போகவே இடமில்லை, அதனால் விட்டுவிட்டார்கள். பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. வேலை தெரிந்தவர்கள் இதற்காகவே தரையில் ஓட்டை போட்டு, கேஜை அந்த ஓட்டைகள் வழியாகக் கீழே இறக்கி, மேல்பக்கத்தை முழு வட்டமாக வெல்டிங் செய்து, மறுபடி தூக்கி நிறுத்தி, ஓட்டைகளைத் தடித்த தகடு போட்டு மூடுவார்கள். நேரம் பிடிக்கும். காசும் பிடிக்கும். உங்கள் ஊர் வெல்டரிடம் கேட்க வேண்டியது "கேஜ் போடுவீர்களா" என்பதை அல்ல, "கூரைப் பக்கத்து வெல்டிங்கை எப்படிப் போடுவீர்கள்" என்பதை. அவர் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கேஜுக்கு அப்புறம் என்னென்ன?

மனிதர்களுக்கானவை முதலில்: எஃப்ஐஏ தரமுள்ள பக்கெட் சீட் இரண்டு, பல முனை ஹார்னஸ் (பந்தய சீட் பெல்ட்) இரண்டு, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் பட்டை, தீ தாங்கும் ஓவரால், கையுறை, ஷூ. எல்லாமே இரண்டு ஜோடி, ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவருக்கும் உயிர் ஒன்றுதான். இதில் பலர் கவனிக்காதது காலாவதி. ஹார்னஸின் ஆயுள் ஐந்து வருடம். 8855-1999 என்ற எஃப்ஐஏ தர எண் உள்ள பக்கெட் சீட்டுக்கும் தயாரித்த நாளிலிருந்து ஐந்து வருடம். பழைய ராலி காரோடு 'இலவசமாக' வருகிற சீட்டும் பெல்ட்டும் ஸ்க்ரூட்டினியில், அதாவது போட்டிக்கு முந்தைய வண்டிச் சோதனையில், ஓரமாகப் போகலாம். முத்திரையில் இருக்கும் வருடத்தைப் படித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பிறகு தீயணைப்பான், வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் மின்சாரத்தை நிறுத்தும் கில் ஸ்விட்ச், பானெட் பின், இழுவைக் கொக்கி.

அதற்குப் பிறகுதான் வண்டியின் உடம்பு. எஞ்சினுக்கு அடியில் தடித்த சம்ப் கார்டு. பெட்ரோல், பிரேக் குழாய்களைக் கல் படாதபடி உள்ளே கொண்டுவருவது. நல்ல ஷாக் அப்சார்பர். பலப்படுத்திய எஞ்சின் மவுண்டிங். மண்ணுக்கான ராலி டயர். முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் மேலே பொருந்தும் இடத்தில் பாடி விரிசல் விடுகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும். சாலைக்காகச் செய்த வண்டி மண்ணில் முதலில் தளர்ந்துபோகிற இடம் அது.

எஞ்சினை எவ்வளவு டியூன் செய்யலாம்?

முதல் வருடம் தொடவே வேண்டாம். புது ஆயில், புது பெல்ட், நல்ல ரேடியேட்டர், சுத்தமான ஃபில்டர் போதும். புதியவர்கள் நேரத்தை இழப்பது எஞ்சின் சக்தி போதாமல் இல்லை. வளைவுக்கு முன்னால் தேவையில்லாமல் பிரேக் பிடிப்பதிலும், வளைவுக்குப் பின்னால் ஆக்ஸிலேட்டரைத் தாமதமாக மிதிப்பதிலும்தான்.

எந்த வண்டி நல்லது?

முதலில் நீங்கள் ஓட்டப்போகும் வகுப்பின் விதிமுறையைப் படியுங்கள். எந்த மாடலுக்கு அனுமதி, எந்தப் பாகத்தை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அதில் இருக்கும். வண்டியை வாங்கிவிட்டு வகுப்பைத் தேடுவது தலைகீழ்.

அதற்கு மேல் என் கணக்கு எளிது. பாகம் எங்கும் கிடைக்க வேண்டும், ராலியில் ஏற்கெனவே அடிபட்டுத் தேறிய மாடலாக இருக்க வேண்டும். மாருதி எஸ்டீம் ஒரு காலத்தில் இந்த ஊர் ராலியின் சோறு தண்ணீர் மாதிரி. உற்பத்தி 2007இல் நின்றுவிட்டதால் இன்று நல்ல பாடி கிடைப்பது கடினம். ஸ்விஃப்ட்டுக்குப் பாகம் பஞ்சமே இல்லை. போலோ ராலியில் நன்றாக நிரூபித்த வண்டி, பாடி உறுதி; இங்கே உற்பத்தி 2022இல் முடிந்தது, பாகங்களின் விலையும் மாருதியை விட அதிகம். ஜிப்ஸி தனி ரகம். சேசிஸ் தனியாக உள்ள, நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி. அதற்கென்றே தனிப் போட்டியும் நடத்தியிருக்கிறார்கள். கரடுமுரடான தடத்தில் தாங்கும், ஆனால் சின்னக் காரின் ஓட்டுமுறை வேறு, அதன் ஓட்டுமுறை வேறு.

சின்ன எஞ்சின் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கோவையின் கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் கட்டினார். ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அதில் பழகி வந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சியில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சீட்டைக் கழற்றி, கேஜ் போட்டு, சைலன்சரை மாற்றிய வண்டியைத் தினமும் ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போட்டிக்கான வண்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போவது எல்லா வகையிலும் நல்லது. ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவே பொதுச் சாலையில் ஓட்டும் பகுதிக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டுநருக்குச் சாதாரண டிரைவிங் லைசன்ஸோடு, எஃப்எம்எஸ்சிஐ என்ற இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி லைசன்ஸும் வேண்டும். கோ-டிரைவருக்கும் அப்படியே.

இன்சூரன்ஸ்?

சாதாரண கார் பாலிசி ஏற்பாடு செய்த பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வெளியே நிறுத்திவிடும். ஸ்டேஜில் வண்டி போனால் ஒரு ரூபாயும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்டி மாதிரியான போட்டிகளுக்கு ஐஎம்டி 31 என்ற கூடுதல் சேர்க்கை இருக்கிறது. தனி பிரீமியம் கட்டி, குறிப்பிட்ட போட்டிக்கென்று வாங்குவது. அதிலும் பந்தயமும் வேகச் சோதனையும் சேராது. போட்டிக்கு முன்பே பாலிசி கொடுத்தவரிடம் பேசிவிடுங்கள்.

பழகுவதற்கு ஊர்ப்பக்கம் ஆளில்லாத மண் ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. ஆளில்லாத ரோடு என்று ஒன்று நம் ஊரில் கிடையாது. வரப்பிலிருந்து ஒருவர் சைக்கிளோடு ஏறுவார், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வருவார்கள். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானில் நடந்த தேசிய ராலியில், போட்டிக்காக அடைத்த சாலைக்குள்ளேயே ஒரு பைக் வந்துவிட்டது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். அனுமதி வாங்கி, ஆள் நிறுத்தி நடத்திய இடத்திலேயே அப்படி. அரசின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்துவதும் அதில் ஓட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்த மூன்று பேரை நினைத்தாலே போதும். தனியார் நிலம், உரிமையாளர் அனுமதி, சுற்றிலும் ஆள், பக்கத்தில் வண்டியும் முதலுதவியும். இல்லையென்றால் பயிற்சிப் பள்ளி.

மொத்தச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

எல்லோரும் வண்டி கட்டுகிற செலவை மட்டும் எழுதுகிறார்கள். ஓட்டுகிற செலவுதான் ஆளைச் சாய்க்கும். நுழைவுக் கட்டணம், லைசன்ஸ், டயர், டிரக் வாடகை, மெக்கானிக்குகளுக்குச் சாப்பாடும் அறையும். அப்புறம் ரெக்கி: போட்டிக்கு முந்தைய நாட்களில் அதே தடத்தில் மெதுவாகப் போய், வளைவு வளைவாகக் குறிப்பு (பேஸ் நோட்) எழுதுவது; போட்டியில் கோ-டிரைவர் படிப்பது அதைத்தான். அதற்கு ராலி காரை எடுக்க முடியாது, இன்னொரு வண்டி வேண்டும். ஒவ்வொரு ராலிக்குப் பிறகும் லோயர் ஆர்ம், டிரைவ் ஷாஃப்ட், ரிம் என்று ஏதாவது ஒன்று போயிருக்கும்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் வண்டி கட்டுவதிலேயே தீர்ந்துவிடும் என்றால் கட்டாதீர்கள். மூடி போட்டு ஷெட்டில் நிற்கும் புது ராலி கார்களை நான் வேண்டிய அளவு பார்த்திருக்கிறேன்.

கட்டிய வண்டியாகவே வாங்கினால்?

பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரி. யாரோ ஒருவர் கேஜுக்கும் சஸ்பென்ஷனுக்கும் கொட்டிய பணத்தில் ஒரு பகுதியைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். கூடவே உதிரிப் பாகம், ரிம், டயர் எல்லாம் வரும். வாங்கும்போது வண்டியைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள். கேஜின் கால் நிற்கும் இடத்தைச் சுற்றி விரிசல், புதிதாக அடித்த அண்டர்கோட்டிங், முன் கண்ணாடித் தூணில் மடிப்பு, ஒரு கதவு மட்டும் இறுக்கமாகச் சாத்துவது, இவையெல்லாம் வண்டி ஒருமுறை உருண்டதைச் சொல்லும். உருண்டதே குற்றமில்லை, அதன் பிறகு கேஜை மாற்றினார்களா என்பதுதான் கேள்வி. ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் (கடன் கொடுத்தவரின் உரிமைக் குறிப்பு) நீங்கியிருக்க வேண்டும், 15 வருடம் தாண்டியிருந்தால் புதுப்பித்திருக்க வேண்டும்.

சொந்தமாகக் கட்டுவதற்கு ஒரே நல்ல காரணம், உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ கட்டுகிற வேலையே பிடித்திருப்பது. அப்படிப்பட்டவர்களை நான் தடுக்க மாட்டேன்.

வண்டியே இல்லாமல் ராலிக்குள் நுழைய வழி உண்டா?

உண்டு, அதிகம் பேர் யோசிக்காத வழி. கோ-டிரைவராகப் போங்கள். அல்லது வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடமான சர்வீஸ் பார்க்கில் ஒரு அணிக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போங்கள். ஏசி இல்லாத காரில், மூன்றடுக்கு உடையில், சித்திரை வெயிலில், குலுங்குகிற நோட்டைப் படித்துக்கொண்டே போகும்போது வாந்தி வருகிறதா என்று தெரிந்துவிடும். அடிபட்டு வந்த வண்டியை குறித்த நிமிடங்களுக்குள் சரிசெய்து அனுப்புவதைப் பார்த்தால், எந்தப் பாகம் முதலில் போகும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாததைக் கற்றுக்கொள்வீர்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டேன். பிடிக்கவில்லையென்றால் விற்க முடியுமா, பழையபடி ஆக்க முடியுமா?

விற்கலாம், ஆனால் வாங்குவது இன்னொரு ராலிக்காரர்தான். செலவழித்த பணம் முழுசாகத் திரும்பாது. கேஜ் வேலையின் படங்கள், குழாய் வாங்கிய ரசீது, ஓடிய போட்டிகளின் ஸ்க்ரூட்டினி தாள்கள் எல்லாம் கையில் இருந்தால் விலை நிற்கும். போல்ட் போட்ட கேஜைக் கழற்றலாம். வெல்டிங் செய்ததை அறுத்தெடுத்த பாடியை மறுபடி குடும்ப காராக ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கழற்றிய சீட், பெல்ட், ஏர்பேக், டிரிம் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள். சில வகுப்புகளில் டாஷ்போர்டும் கதவு டிரிமும் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பார்கள், அப்போது தேடி அலைய வேண்டியிருக்காது.